பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். பள்ளி வாசல், ரேஷன் கடை வரிசை, பஸ் நிறுத்தம், நடவு வயல் வரப்பு என்று எங்கே பார்த்தாலும் பெற்றோர் என்னிடம் கேட்பவை ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில ஏற்பாடுகள் எங்கள் பள்ளிக்கு மட்டும் உரியவை. சட்டம், திட்டம் என்று சொல்லியிருப்பவை தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் பொருந்தும்.

பள்ளிக்கூடத்தில் நடப்பது எங்களுக்கு எப்படித் தெரியவரும்? யாராவது சொன்னால்தான் உண்டா?

அப்படி ஒரு நிலை வரக் கூடாது என்பதற்காகவே ஒரே செய்தியை மூன்று இடங்களில் எழுதுகிறோம். பள்ளி வாசலில் தெருவைப் பார்த்தபடி ஒரு கரும்பலகை இருக்கிறது. உள்ளே வராமல், சைக்கிளை விட்டு இறங்காமல் படித்துவிடலாம். பிள்ளையின் பையில் குறிப்பேடு இருக்கிறது. வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. விடுமுறை, தேர்வு, மருத்துவக் குழுவின் வருகை, பெற்றோர் கூட்டம், புத்தகமும் சீருடையும் கொடுக்கும் நாள் எல்லாம் இந்த மூன்றிலும் வரும்.

குழுவில் வகுப்பாசிரியரும் நானும் மட்டுமே எழுத முடியும். இதில் சிலருக்கு வருத்தம் உண்டு. ஆளுக்கொரு காலை வணக்கப் படம் போட்டால், "நாளை மருத்துவர் வருகிறார்" என்ற ஒரு வரி அதற்குள் காணாமல் போய்விடும். கேட்க வேண்டியது இருந்தால் ஆசிரியரின் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள். மாலைக்குள் பதில் வரும்.

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு டச் போன். அதுவும் அவருடன் திருப்பூருக்குப் போய்விட்டது. எங்களுக்கு யார் சொல்வார்கள்?

எங்கள் ஊரில் பல வீடுகளின் நிலை இதுதான். தாய் தந்தை பனியன் கம்பெனியில் இருக்கிறார்கள். பிள்ளைகள் அப்பாயியிடமோ அம்மாச்சியிடமோ வளர்கிறார்கள். அத்தகைய வீடுகளுக்கு இரண்டு எண்களைப் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறோம். ஒன்று, பிள்ளையோடு இருப்பவரின் பட்டன் போன் எண். மற்றொன்று வெளியூரில் இருக்கும் பெற்றோரின் எண். அவசரம் என்றால் முதல் எண்ணுக்கு நேரடியாக அழைப்போம். மற்ற செய்திகள் இரண்டாவது எண்ணுக்குக் குரல் பதிவாகப் போகும். ஷிப்டு முடிந்து கேட்பவர்கள் இரவில் வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடுகிறார்கள்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி முதன்முதலாக ஒரு கதையைத் திக்காமல் வாசித்தாள். அதைப் பதிவு செய்து அவளுடைய அப்பாவுக்கு அனுப்பினோம். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவிலிருந்து அவர் திருப்பி அனுப்பிய பதிவில், "இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள் டீச்சர்" என்பது மட்டும்தான் இருந்தது. அதன் பிறகு வெளியூரில் வேலை செய்யும் பெற்றோருக்கு வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையின் குரலில் ஏதாவது ஒன்றை அனுப்புவது வழக்கமாகிவிட்டது. எண் மாறினால் மட்டும் உடனே சொல்லிவிடுங்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. குறிப்பேட்டில் எழுதி அனுப்பி என்ன பயன்?

பிள்ளையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடிய சொற்களில், சின்னச் சின்ன வரிகளில்தான் எழுதுகிறோம். அம்மாவுக்குச் செய்தி படித்துக் காட்டுவது பிள்ளைக்கும் ஒரு பாடம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடவேளையில் செய்தியை வாய்மொழியாகச் சொல்லி, இரண்டு முறை திருப்பிச் சொல்ல வைத்து அனுப்புகிறோம்.

குறிப்பேட்டில் நாங்கள் கேட்கும் கையெழுத்து, செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். ஒரு கோடு கிழித்து அனுப்பினாலும் போதும். படிக்கத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். தெரிந்தால்தான் உங்களிடம் நேரில் சொல்ல ஆள் அனுப்புவோம்.

ஆசிரியரை எப்போது பார்க்கலாம்? பாதி நாளில் வந்தால் கோபித்துக்கொள்வீர்களா?

மாலை பள்ளி விட்டதும் அரை மணி நேரம் ஆசிரியர்கள் பள்ளியில்தான் இருப்பார்கள். நூறு நாள் வேலைக்கோ களை பறிக்கவோ போகிறவர்கள் காலையில், வணக்கக் கூட்டத்துக்கு முன்பு வரலாம். பாட நேரத்தில் வந்தால் கோபம் வராது; ஆனால் ஒரு வகுப்பு முழுவதும் காத்திருக்க வேண்டியதாகிவிடும். உடல்நலம், விபத்து, வீட்டில் திடீர்ச் சங்கடம் போன்றவற்றுக்கு எந்த நேரமும் வரலாம்.

பள்ளியிலிருந்து போன் வந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. என்ன தப்பு செய்தானோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் தானாக வந்ததில்லை. காலங்காலமாகப் பள்ளிக்கூடம் பெற்றோரை அழைத்தது குறை சொல்வதற்கும் கையெழுத்து வாங்குவதற்கும்தான். அதை மாற்ற வேண்டியது எங்கள் பொறுப்பு. அதனால் எங்கள் பள்ளியில் யார் அழைத்தாலும் முதல் வாக்கியம் "பிள்ளை நன்றாக இருக்கிறான்" என்பதாகத்தான் இருக்கும். விஷயம் அதற்குப் பிறகு. காய்ச்சல், கீழே விழுந்து சிராய்ப்பு என்று உண்மையிலேயே ஏதாவது நடந்திருந்தால், "பிள்ளை என் பக்கத்தில்தான் இருக்கிறான், இதோ பேசுங்கள்" என்று அவனிடமே போனைக் கொடுப்போம். தாய்க்கு முதலில் கேட்க வேண்டியது பிள்ளையின் குரல்தான்.

நல்ல சேதி சொல்லவும் அழைப்போம். வாய்ப்பாடு முழுதாகச் சொன்னான், அழுத பிள்ளையைத் தேற்றி உட்கார வைத்தான் என்பதற்கெல்லாம் அழைப்போம். குறை சொல்ல மட்டும் கதவைத் தட்டுகிற பள்ளிக்கு எந்த வீடும் மனம் திறக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

மழை கொட்டுகிறது. இன்று பள்ளி உண்டா இல்லையா?

மழை விடுமுறையை அறிவிப்பவர் மாவட்ட ஆட்சியர். தலைமை ஆசிரியர் தம் விருப்பத்துக்கு அறிவிக்க முடியாது. அறிவிப்பு சில நாள் முந்தைய இரவே வரும். பல நாள் விடியற்காலையில் வரும். மாவட்டம் முழுவதற்கும் வரலாம், சில வட்டங்களுக்கு மட்டும் வரலாம், பள்ளிக்கு மட்டும் வந்து கல்லூரிக்கு வராமலும் போகலாம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பழைய ஆண்டின் அறிவிப்பைத் தேதியை மாற்றிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் டிவி செய்தியில் நம் மாவட்டத்தின் பெயரை நீங்களே பாருங்கள், அல்லது குழுவில் என் குரல் பதிவு வரும்வரை பொறுத்திருங்கள். குரலைப் போலியாக அனுப்புவது கடினம் என்பதால்தான் மழை நாளில் மட்டும் எழுதாமல் பேசி அனுப்புகிறேன்.

விடுமுறை இல்லாத நாளில் உங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் சூழ்ந்திருந்தால், வாய்க்கால் பாலத்தைத் தாண்டிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஒரு போன் செய்யுங்கள், போதும். விட்ட பாடத்தை மறுநாள் சொல்லிக்கொடுத்துவிடலாம். மழைக்காக விட்ட நாட்களை ஈடுகட்டச் சனிக்கிழமைகளில் பள்ளி வைப்பது உண்டு. எந்தச் சனிக்கிழமை என்று முன்கூட்டியே கரும்பலகையில் எழுதிவிடுவோம்.

காலையிலும் பள்ளியிலேயே சாப்பாடு என்கிறீர்கள். வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்தால் கொடுக்க மாட்டீர்களா? முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு என்ன?

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்று, நமக்குப் பக்கத்திலேயே நாகப்பட்டினம் மாவட்டம் திருக்குவளையில், எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. முதல் ஐந்து வகுப்புப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று மாற்றி மாற்றிச் சாம்பாரோடு கொடுக்கிறார்கள். சமைப்பவர்கள் நம் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவினர்தான். வீட்டில் சாப்பிட்டு வந்த பிள்ளை பள்ளியில் சாப்பிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பசித்தால் தாராளமாகச் சாப்பிடலாம். முதல் மணிக்கு முன்பே பரிமாறி முடித்துவிடுவார்கள் என்பதால் நேரத்துக்கு அனுப்புவதுதான் முக்கியம்.

மதியச் சாப்பாடு சத்துணவுத் திட்டத்தில் வருவது. கலவைச் சாதமும் முட்டையும் உண்டு. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுப்பார்கள்; அமைப்பாளரிடம் ஒரு முறை சொல்லிவைத்தால் போதும். எந்தப் பண்டமாவது பிள்ளைக்கு ஒவ்வாது, தடிப்பு வரும் என்றால் எனக்கும் வகுப்பாசிரியருக்கும் சமையலறைக்கும் தெரியவேண்டும். இதை வாயால் சொல்வதோடு நிற்காமல் குறிப்பேட்டின் முதல் பக்கத்திலும் எழுதிவிடுங்கள்.

சாப்பாடு எப்படி இருக்கிறது என்ற சந்தேகம் இருந்தால், எந்த நாளும் வந்து பார்க்கலாம், ஒரு கரண்டி வாங்கிச் சாப்பிட்டும் பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன் நாங்களும் ருசி பார்க்கிறோம்.

மதியம் வீட்டுச் சோறு கொடுத்து அனுப்புகிறோம். அப்படியானால் சீருடை கிடைக்காது என்கிறார்களே?

விலையில்லாச் சீருடை சத்துணவுத் திட்டத்தோடு இணைந்தது. அதில் பெயர் பதிந்திருக்கிற, 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு செட் கொடுக்கப்படுகிறது. பாடநூல், நோட்டு, புத்தகப்பை போன்றவை இந்த நிபந்தனைக்குள் வராது. ஆகவே ஜூன் மாதம் பட்டியல் எடுக்கும்போது யோசித்துப் பெயர் கொடுங்கள். பட்டியல் போன பிறகு சேர்ப்பது கடினம்.

பூச்சி மாத்திரை, ஊசி எல்லாம் எங்களைக் கேட்காமலே போடுகிறீர்களே?

முன்கூட்டிச் சொல்லாமல் போடுவதில்லை. குடற்புழு நீக்க மாத்திரை பிப்ரவரி, ஆகஸ்ட் மாதங்களில் நாடு முழுவதும் கொடுக்கப்படுகிறது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், மென்று சாப்பிடும் மாத்திரை. வயிற்றில் புழு அதிகம் இருக்கும் பிள்ளைக்குச் சற்றுக் குமட்டலோ வயிற்று வலியோ வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடலாம். அன்றைக்குக் காய்ச்சலில் இருக்கும் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டார்கள். விடுபட்டவர்களுக்குச் சில நாள் கழித்து ஒரு சுற்று உண்டு. பத்து வயதில் போட வேண்டிய டிடி தடுப்பூசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் எதிரானது. ஐந்தாம் வகுப்பில் போடுவது அதைத்தான்.

வலிப்பு, இதயக் கோளாறு, ஆஸ்துமா என்று பிள்ளைக்கு ஏதாவது இருந்தால் மறைக்காதீர்கள். தெரிந்தால் பிள்ளையை ஒதுக்குவார்கள் என்று சிலர் அஞ்சுகிறார்கள். ஆசிரியர்கள், செவிலியர் தவிர வேறு யாருக்கும் அது போகாது. தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

வீட்டுக்கு வந்தால் பள்ளியைப் பற்றி வாயே திறப்பதில்லை. "என்ன நடந்தது?" என்றால் "ஒன்றும் இல்லை" என்கிறான். எப்படிக் கேட்பது?

"என்ன நடந்தது?" என்பது ஆறு வயதுப் பிள்ளைக்கு மிகப் பெரிய கேள்வி. ஒரு நாள் முழுவதையும் சுருக்கிச் சொல்ல அவனுக்கு வராது. சின்னதாகக் கேளுங்கள். இன்றைக்குச் சாம்பாரில் என்ன காய்? பக்கத்தில் யார் உட்கார்ந்தது? யார் வரவில்லை? யார் அழுதது? காய் கத்திரிக்காய் என்பதில் தொடங்கி, அதைத் தட்டில் ஒதுக்கியவன் யார், அவன் சட்டை எப்படிக் கிழிந்தது, ஆசிரியர் என்ன சொன்னார் என்று பேச்சு தானாகப் போகும். கையில் போன் இல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

அவன் சொல்வதைக் கேட்டதும் பள்ளிக்கு ஓடி வந்துவிடவும் வேண்டாம், கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் வேண்டாம். சிறு பிள்ளைகள் நேற்று நடந்ததையும் இன்று நடந்ததையும் கலந்து சொல்வார்கள். ஆனால் பயந்து சொல்கிற ஒன்றை, இரவில் தூக்கம் கெடுகிற ஒன்றை, "பள்ளிக்குப் போக மாட்டேன்" என்று காலைப் பிடித்துக்கொள்வதை ஒரு நாளும் அலட்சியம் செய்யாதீர்கள். அன்றைக்கே என்னிடம் வாருங்கள்.

என் பிள்ளை "மொட்டு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பெயிலா?

இல்லை. கொரோனா காலத்தில் விட்டுப்போன கற்றலை மீட்க 2022 ஜூன் 13 அன்று தொடங்கியது எண்ணும் எழுத்தும் திட்டம். அதில் பிள்ளைகளை இப்போது இருக்கும் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துக் கற்பிக்கிறோம். எழுத்துகளையும் எண்களையும் அறிந்துகொண்டிருக்கிற பிள்ளை அரும்பு. சொற்களுக்கும் சின்னத் தொடர்களுக்கும் வந்துவிட்டது மொட்டு. அந்த வகுப்புக்கு உரிய பாடத்தைத் தானே படிக்கிறது மலர். தமிழில் மலராக இருக்கும் பிள்ளை கணக்கில் மொட்டாக இருக்கலாம். மாதங்கள் போகப் போக இது மாறும், மாறவேண்டும்.

இதைத் தெருவில் ஒப்பிட்டுப் பேசாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வீட்டுப் பிள்ளை மலர், நீ ஏன் மொட்டு என்று கேட்கப்பட்ட பிள்ளை, மறுநாள் வகுப்பில் தெரிந்த பதிலைக்கூடச் சொல்லத் தயங்குகிறது. நீங்கள் கேட்க வேண்டியது ஆசிரியரிடம்: அடுத்த நிலைக்குப் போக இவளுக்கு என்ன குறைகிறது, வீட்டில் நான் என்ன செய்யலாம்? பெரும்பாலும் பதில் எளிதாக இருக்கும். தினம் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்பார்.

எல்லோரையும் பாஸ் போடுகிறீர்கள். பிறகு எதற்குத் தேர்வு?

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தபோது எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றது. 2019இல் அது திருத்தப்பட்டு முடிவு மாநிலங்களிடம் விடப்பட்டது. தமிழ்நாடு, எட்டாம் வகுப்புவரை நிறுத்துவதில்லை என்ற நிலையிலேயே நிற்கிறது. எட்டு வயதுப் பிள்ளையைத் தம்பி தங்கைகளோடு மீண்டும் உட்கார வைத்தால் அவன் படிப்பதில்லை, பள்ளியை விட்டுத்தான் போகிறான். இந்த விஷயத்தில் சட்டத்தின் பக்கம்தான் நான்.

தேர்வு எங்களுக்காக. எந்தப் பிள்ளைக்கு எங்கே தடுக்கிறது என்று பார்க்க வளரறி மதிப்பீடும், பருவ முடிவில் தொகுத்தறி மதிப்பீடும் வைக்கிறோம். விடைத்தாளை உங்களிடம் காட்டுவோம். மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் உள்ளே புரட்டிப் பாருங்கள். கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில்தான் தப்பு என்றால், அவனுக்குக் கணக்கு வராது என்று அர்த்தமில்லை. அந்த ஒரு படி வரவில்லை.

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் டீச்சர், நான் கேட்க மாட்டேன்." ஏன் அடிக்க மாட்டேன் என்கிறீர்கள்?

நம்பிக்கையில் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அடிக்கக் கூடாது என்பது மேலே சொன்ன சட்டத்தின் 17ஆம் பிரிவு. உடலால் தண்டிப்பதும் மனத்தை வதைப்பதும் இரண்டுமே தடை. பெற்றோர் அனுமதி கொடுத்தாலும் தடைதான். முட்டி போட வைப்பது, வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, பட்டப்பெயர் சொல்வது, சாதியைச் சொல்வது எல்லாம் இதில் அடங்கும்.

சட்டம் இல்லாவிட்டாலும் அடிக்க மாட்டேன். அடி வாங்கிய பிள்ளை பாடத்தைக் கற்பதில்லை. பிரம்பு இருக்கும் திசையைக் கற்றுக்கொள்கிறது. நீங்கள் இப்படிச் சொல்வதைப் பிள்ளை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதையும் நினைத்துப் பாருங்கள். நாளை யாராவது அவனைத் துன்புறுத்தினால், வீட்டில் சொன்னாலும் பயன் இல்லை என்று முடிவு செய்துவிடுவான்.

மதிப்பெண்களைக் குழுவில் போட்டால் எல்லோரும் பார்த்துக்கொள்ளலாமே? ஆண்டு விழாப் படங்களையும் ஏன் போடுவதில்லை?

பொதுச் செய்தி குழுவுக்கு, ஒரு பிள்ளையின் செய்தி அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு. இதுதான் எங்கள் விதி. மதிப்பெண், வருகைக் குறைவு, உடல்நலம், உதவித்தொகை எதுவும் குழுவில் வராது. படங்களைப் பொறுத்தவரை, பிள்ளைகள் கூட்டமாக இருக்கும் படங்களை மட்டும், அதுவும் சேர்க்கையின்போது சம்மதம் எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுடையதை மட்டும் போடுகிறோம். நீங்களும் மற்ற வீட்டுப் பிள்ளையின் படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள்.

இன்னொரு பையன் என் மகளை அடிக்கிறான். நானே வந்து அவனைக் கேட்கட்டுமா?

வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் ஒரு பெரியவர் சிறு பிள்ளையை மிரட்டினால் விஷயம் தெருச் சண்டையாகிவிடும். இரு வீட்டுக்கும் பகை இருந்தால், சாதி வேறாக இருந்தால் கேட்கவே வேண்டாம். என்னிடம் சொல்லுங்கள். இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேசுவேன், இடம் மாற்றி உட்கார வைப்பேன், அந்தப் பையனின் வீட்டுக்கும் சொல்வேன். ஒரு வாரத்துக்குள் என்ன செய்தோம் என்று உங்களை அழைத்துச் சொல்வேன். அந்தப் பையனைப் பற்றி நான் அறிந்தவை அனைத்தையும் உங்களிடம் சொல்ல மாட்டேன். உங்கள் பிள்ளையைப் பற்றியும் அவர்களிடம் அப்படித்தான்.

ஆசிரியர் மீதே புகார் என்றால்? உங்கள் மீதே என்றால்?

ஆசிரியர் மீது என்றால் முதலில் என்னிடம் வரலாம். என் மீது என்றால், அல்லது என்னிடம் சொல்லத் தயக்கம் என்றால், வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து, தகாத தொடுதல், துன்புறுத்தல் என்றால் யார் அனுமதிக்கும் காத்திராமல் 1098க்கு அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. இந்த இரு எண்களையும் கரும்பலகையின் மேல் வரியில் அழியாத வண்ணத்தில் எழுதிவைத்திருக்கிறோம், பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

புகார் கொடுத்ததற்காகப் பிள்ளையிடம் வேறுபாடு காட்டுவார்களோ என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடந்தால் அது இரண்டாவது புகார். அதையும் கொடுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். கையெழுத்துப் போடுவதைத் தவிர அதில் என்ன வேலை?

நிறைய இருக்கிறது. சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். தலைவரும் பெற்றோரில் ஒருவர்தான். நான் கூட்டத்தைக் கூட்டுகிறவள் மட்டுமே. தமிழ்நாட்டில் 2024இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள்.

பள்ளிக்கு வரும் பணம் எதற்குச் செலவானது என்று வவுச்சரை வாங்கிப் பார்க்கலாம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்திருக்கிறது என்று பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தில் எழுதவைக்கலாம். நான்கு நாளாக வராத பிள்ளையின் வீட்டுக்கு நான் போவதைவிட நீங்கள் போய் வந்தால் பலன் அதிகம். கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். நான் கேட்டாலும் போடாதீர்கள்.

"உங்கள் பிள்ளைக்கு உதவித்தொகை வந்திருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வந்தது. பள்ளியிலிருந்து பேசியவர்களா?

இல்லை, திருடர்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பள்ளி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி நம்ப வைப்பார்கள். பள்ளி உங்களிடம் வங்கி விவரத்தையோ ஓடிபியையோ போனில் கேட்காது. எமிஸ் என்ற, மாணவர் விவரங்களைக் கணினியில் பதியும் அரசுப் பதிவேட்டில் உங்கள் எண்ணைச் சரிபார்க்க ஏதேனும் தேவைப்பட்டால் நேரில் வரச் சொல்லி, உங்கள் முன்னால்தான் செய்வோம். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

நானும் அவரும் பிரிந்து வாழ்கிறோம். அவர் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பிவிடுவீர்களா?

இதைக் கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். தாழ்த்த வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் யார் யார் அழைத்துப் போகலாம் என்று ஒரு தாளில் பெயர் வாங்கி வைத்திருக்கிறோம். அதில் இல்லாதவரோடு, உறவு சொன்னாலும் சரி, பிள்ளையே தெரியும் என்றாலும் சரி, அனுப்ப மாட்டோம். பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்போம். பிள்ளை யாரிடம் இருக்கவேண்டும் என்று நீதிமன்ற உத்தரவு இருந்தால் அதன் நகலைக் கொடுத்துவையுங்கள். உத்தரவு எதுவும் இல்லாதபோது, தாயானாலும் தந்தையானாலும் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால் இருவருக்கும் சொல்வோம். ஒருவரைப் பற்றி மற்றவரிடம் எதையும் சொல்ல மாட்டோம்.

வீட்டுக் கஷ்டத்தைப் பள்ளியில் ஏன் சொல்ல வேண்டும்?

எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் ஒரு மரணம், நீண்ட நோய், வேலை இழப்பு நடந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுப்பாடம் எழுதாததற்குக் காரணம் தெரியாத ஆசிரியர் கண்டிப்பார். தெரிந்தவர் பக்கத்தில் உட்காருவார்.

இன்னொரு காரணமும் உண்டு. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வீட்டில் சம்பாதிக்கும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தாலோ, நிரந்தரமாக முடங்கினாலோ, பிள்ளையின் பெயரில் ரூ.75,000 வைப்புத்தொகையாக வைக்கும் திட்டம் இருக்கிறது. விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயதுவரை மாதம் ரூ.2,000 கொடுக்கும் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பரில் தொடங்கியிருக்கிறது. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இவையெல்லாம் நினைவுக்கு வராது. எங்களுக்குத் தெரிந்தால் விண்ணப்பத்தை நாங்களே எழுதிக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எங்கே சேர்ப்பது? தனியார் பள்ளிக்கு மாற்றினால் ஏதாவது இழப்பு உண்டா?

எங்கே சேர்ப்பது என்பது உங்கள் முடிவு. ஆனால் ஆறாம் வகுப்பில்தான் ஒரு கணக்கு தொடங்குகிறது என்பது தெரிந்து முடிவெடுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது. பின்னர் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் அந்த ஒதுக்கீடு வந்தது. கல்லூரியில் மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறாம் வகுப்பிலிருந்தே பார்ப்பார்கள். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு இந்த ரூ.1,000 உண்டு, 7.5 சதவீதம் கிடையாது. நடுவில் இரண்டு ஆண்டு தனியாரில் படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் பன்னிரண்டாம் வகுப்பில் வந்து வருந்துவதைப் பார்க்கிறேன்.

மாற்றுச் சான்றிதழுக்குப் பணம் எதுவும் இல்லை. ஏப்ரலில் விண்ணப்பம் கொடுத்தால் போதும். அதற்கு முன் எமிஸில் உள்ள பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயரின் முதல் எழுத்து ஆதாரோடு பொருந்துகிறதா என்று என் மேசைக்கு வந்து ஒரு முறை பாருங்கள். ஓர் எழுத்துப் பிழை ஐந்தாம் வகுப்பில் பத்து நிமிடத்தில் திருந்திவிடும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிய பிறகு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும். மார்ச் மாதம் முழுவதும் மாலை நேரத்தில் இதற்காகவே இருப்பேன். ஆதார் அட்டையும் பிறப்புச் சான்றிதழும் கொண்டுவாருங்கள்.